நுங்குக்காரரை அனுப்பிவிட்டோம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனையில் நடந்தது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அந்தக் காணொளியை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். எனவே முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. புங்க மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவரைக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரால் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டு, பாதி வெட்டிய குலையோடு கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏற்கெனவே பணம் கொடுத்திருந்த ஓர் அம்மாளுக்கு மீதமிருந்த 2 கண்களை நிதானமாகத் தோண்டிக் கொடுத்துவிட்டு, அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்த பிறகுதான் வண்டியில் ஏறினார். காணொளியின் கடைசிப் பத்து விநாடிகளில் அது இருக்கிறது. பலர் அதுவரை பார்த்திருக்க மாட்டீர்கள், தயவுசெய்து பாருங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நுங்குக்காரர் நம் தெருவுக்கு இடைஞ்சல் இல்லை. வருடத்தில் இரண்டரை மாதம், அதிலும் காலை எட்டு மணியிலிருந்து குலை தீரும் வரை, ஒரு மரத்தின் நிழலை மட்டும் நம்மிடம் கேட்டவர் அவர். அந்த நிழலைக்கூட நாம் கொடுக்கவில்லை.

இதில் என்னை உறுத்துவது எதுவென்றால், இதே சங்கம் ஏப்ரலில் இதே மரத்தடியில்தான் நீர்மோர்ப் பந்தல் வைத்தது. நானும் 500 ரூபாய் கொடுத்தேன். இரண்டு நாள் காலையில் போய்ப் பானைகளுக்கு ஈரத்துணி சுற்றினேன். தபால்காரர், கியாஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி, ஆட்டோ ஓட்டும் அண்ணன் என்று எத்தனையோ பேர் நின்று குடித்துவிட்டு வாழ்த்திப் போனார்கள். அன்று எனக்கு இந்தத் தெருவில் குடியிருப்பது பெருமையாக இருந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த செய்தியை நம் வாட்ஸப் குழுவில் பகிர்ந்து, வெயிலில் உழைப்பவர்களுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம் என்று எழுதியவர்கள் நாம்தான். வெயிலில் உழைப்பவர் என்றால் யார்? செய்யூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, குட்டியானை வண்டியில் குலைகளோடு வந்து இறங்குகிற இந்த மனிதரை விட்டால் வேறு யார்? மோர் கொடுத்த கை ஓய்வதற்குள் அதே இடத்தில் நின்று ஒருவரை விரட்டியிருக்கிறோம் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

என் அம்மாவின் ஊர் உடன்குடிக்குப் பக்கம். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பேருந்து ஏறிவிடுவோம். தாத்தா பனையேறி. காலையும் மாலையும் ஏறுவார். இடுப்பில் பாளை சீவும் அரிவாள் இருக்கும் பெட்டி, காலில் நார் வளையம். நெஞ்சு மரத்தில் உராய்ந்து உராய்ந்து அந்த இடத்துத் தோல் பனஞ்செதிலைப் போலவே தடித்துப் போயிருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரை ஆச்சி பெரிய வட்டச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார். இன்று உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அன்று எங்களுக்கு அது சிரட்டையில் ஊற்றி ஆறவைத்த இனிப்பு, அவ்வளவுதான். பாளையைச் சீவிப் பதநீர் இறக்கினால் அந்த மரத்தில் நுங்கு கிடைக்காது என்பதால், பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு பெண் பனையைத் தாத்தா ஒவ்வொரு கோடையிலும் சீவாமல் விட்டுவிடுவார். அந்த ஒரு மரத்தின் பதநீர் எவ்வளவு கருப்பட்டி ஆகியிருக்கும், அதில் எத்தனை நாள் அரிசி வாங்கியிருக்கலாம் என்பதெல்லாம் எனக்குப் புரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

நுங்கு வெட்டுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? காயின் தலையை ஒரே வீச்சில் சீவினால் மூன்று கண்கள் தெரியும். கட்டை விரலை உள்ளே விட்டு, ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி நெம்ப வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் உள்ளிருக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்துவிடும். இளசாக இருந்தால் விரலுக்கு வழுவழுவென்று நழுவும். ஒரு வாரம் தாமதித்தால் முற்றிப் போய்ப் பல்லுக்கு மல்லுக்கட்டும். மேல்தோல் துவர்க்கும், ஆனால் வயிற்றுக்கு நல்லது என்று ஆச்சி அதை உரிக்க விடமாட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கும். ஒரே அளவில் இரண்டு கூடுகளைப் பொறுக்கி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஓடுவோம். அளவு கொஞ்சம் மாறினாலும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சரி, எதிர்த்தரப்பு சொல்வதற்கும் வருகிறேன். குப்பை என்கிறீர்கள். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நுங்குக் கூட்டில் மழைநீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். சுகாதார ஊழியர்கள் இளநீர் மட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்தச் சொல்வது அதனால்தான். ஆனால் இவர் கூடுகளைச் சாக்கில் கட்டித் திரும்ப எடுத்துப் போகிறவர். ஊரில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி மாட்டுக்குப் போடுவார்களாம், நானே கேட்டிருக்கிறேன். நீங்கள் யாராவது கேட்டீர்களா? கேட்டுவிட்டு, “இன்று 2 சாக்கு விட்டுப் போய்விட்டீர்களே” என்று சொல்லியிருந்தால் அது முறையான புகார். போக்குவரத்து என்கிறீர்கள். அந்த இடத்தில் வருடம் முழுவதும் உறை போட்ட ஒரு கார் நிற்கிறது, அதைப் பற்றிக் குழுவில் ஒரு வரி வந்ததில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

விலையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது. 10 கண் 100 ரூபாய் என்பது பகல் கொள்ளையாம். ஐயா, உங்களைவிட வயதில் சிறியவனாகவே கேட்கிறேன்: ஒரு பனையில் ஏறி இறங்க உங்களுக்கு எவ்வளவு கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்கள்? ஏறுகிறவர் கை பிசகினால் அவர் வீடு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? குலையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், வண்டி வாடகை கொடுக்க வேண்டும், மாலைக்குள் விற்கவில்லை என்றால் மறுநாள் அது வாடிவிடும். திரையரங்கில் ஒரு சோளப்பொரிப் பொட்டலத்துக்கு என்ன கொடுக்கிறோம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்கே நாம் பேரம் பேசுவதில்லை.

“சட்டப்படி அவர் அங்கே உட்காரக் கூடாது” என்று ஒரு நண்பர் முடித்துவைக்கப் பார்த்தார். சட்டம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவே 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. யார் எங்கே விற்கலாம் என்பதைப் பற்றிப் பேச ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை ஏற்கெனவே விற்பவர்களை வெளியேற்றக் கூடாது. குடியிருப்போர் சங்கத்தின் நான்கைந்து பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஒருவேளை இந்த இடம் விற்பனைக்கு ஏற்றதில்லை என்றே முடிவாகட்டும். அதை மாநகராட்சி அவரிடம் சொல்லட்டும், வேறு இடம் காட்டட்டும். நாம் செய்தது அதுவல்ல. நாம் ஒரு மனிதரை வேடிக்கைப் பொருளாக்கினோம்.

நான் பழம்பெருமை பேசுகிறேன் என்றும் சொல்வீர்கள். சொல்லுங்கள். பனை நம் மாநில மரம். 2021 ஆகஸ்டில் வேளாண்மைக்கென முதல் முறையாகத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். அன்று நம் குழுவில் எத்தனை கைதட்டல்! பனங்கொட்டை நடும் படங்கள் எத்தனை! “தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்” என்பார்கள். வைத்தவன் காய்ப்பைக் காண்பது அரிது என்னும் அளவுக்குப் பொறுமை கேட்கும் மரம் அது. அந்த மரத்தைக் காப்பாற்ற விரும்புகிறோம், அதில் ஏறுகிறவரைத் தெருவில் நிற்க விடமாட்டோம் என்றால், ஏற ஆளில்லாத மரத்தை எந்த ஆட்சியர் காப்பாற்றுவார்? தாத்தாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஏறவில்லை. மாமா திருப்பூருக்குப் போனார், நான் சென்னைக்கு வந்தேன். ஆச்சி வீட்டுக்குப் பின்னால் சீவாமல் விட்டிருந்த அந்த ஒற்றைப் பனை செங்கல் சூளைக்குப் போய்விட்டது என்று அம்மா ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

அதனால் இந்த மனிதர் குலையோடு வந்து இறங்கும்போது, நான் காசு கொடுத்து வாங்குவது நுங்கை மட்டும் இல்லை. கோபமாக எழுதிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வரியையும் திரும்பப் பெற மாட்டேன். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குச் சங்கக் கூட்டம் இருக்கிறது. நான் வருவேன், இதையேதான் சொல்வேன். தீர்மானமாக எழுதித் தரவும் தயார்: மே, ஜூன் மாதங்களில் புங்க மரத்தடி அவருக்கு, கூடுகளை அள்ளிப் போகும் பொறுப்பு அவருடையது, ஒரு சாக்கு மீந்தால் அதைத் தூக்கிப் போடும் பொறுப்பு என்னுடையது.

அதற்கு முன் ஓர் உதவி. என் மகளுக்கு எட்டு வயது. நுங்குக்காரரை விரட்டியதற்கு முந்தைய ஞாயிறு அவளுக்கு நுங்கு வண்டியைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கேட்டுக்கொண்டே வெட்டினார். “அடுத்த வாரம் வரும்போது ஒரே அளவுல ரெண்டு கூடு எடுத்து வைக்கிறேன் பாப்பா, நீ கவட்டைக் குச்சி மட்டும் தேடி வை” என்றார். அவள் பூங்காவில் விழுந்து கிடந்த வேப்பங்கிளையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வந்து, பட்டையை உரித்து, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறாள். அவருடைய கைப்பேசி எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. வெள்ளை நிறக் குட்டியானை, பின்பக்கம் நீலத் தார்ப்பாய், இடது கட்டை விரலில் துணிக்கட்டு. வேறு எந்தத் தெருவிலாவது அவரைப் பார்த்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஆனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.