ராவனஸ்: காக்கைக்கும் இந்தப் பசிக்கும் சம்பந்தமில்லை

ஊட்டிக் குளிரில் எடுக்கும் அகோரப் பசிக்கு ‘ராவனஸ்’ (ravenous) என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு கட்டுரை பயன்படுத்தியிருக்கிறது. சொல் பொருத்தம்தான். ஆனால் அது ‘ரேவன்’ (raven) என்ற பெரிய காக்கை இனப் பறவையின் பெயரிலிருந்து வந்ததாகக் கட்டுரை சொல்வது தவறு. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. பறவையின் பெயர் பழைய ஜெர்மானியச் சொல். ராவனஸ் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனின் ‘ரபீனா’, அதாவது கொள்ளை. (ரேவன் நீலகிரியில் கிடையாது. அங்கே ரேவன் போலத் தெரிவது அண்டங்காக்கைதான்.)

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராவனஸ் ஆங்கிலத்தில் நுழைந்தபோது கொள்ளைவெறி, பேராசை என்றே பொருள். பசிக்கு வந்தது அடுத்த நூற்றாண்டில். பள்ளத்தாக்கைச் சொல்லும் ‘ரவீன்’ என்பதும் இதே குடும்பம்: பிரெஞ்சில் முதலில் பாய்ந்துவரும் வெள்ளம், பிறகு அது அரித்த பள்ளம். பர்லியாறு பக்கம் மழைக்காலத்தில் மலைச்சரிவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் மாற்றத்தை விளக்கவே வேண்டாம்.

எழுதும்போது ‘வெரி ராவனஸ்’ வேண்டாம். ‘மிகவும்’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் தேவையென்றால் ‘அப்சல்யூட்லி’ போடலாம். உச்சரிப்பிலும் ‘ரே’ என்று நீட்டக் கூடாது. ‘டிராவல்’ என்பதில் வரும் குறுகிய ஒலிதான்.

பட்டினியால் வாடுவதைச் சொல்லும் ‘ஸ்டார்விங்’ என்பதையும் இதற்குச் சமமாகக் கட்டுரை வைத்திருக்கிறது. பேச்சில் சரி. ஆனால் அதன் மூலச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சாவது என்று பொருள். வட இங்கிலாந்து வட்டார வழக்கில் ‘ஸ்டார்வ்ட்’ என்றால் குளிரில் விறைத்துப்போவது. ஊட்டியின் டிசம்பருக்கு அதுவே கச்சிதம்.