அந்தப் பரிசை ஏஐ தனியாக வாங்கவில்லை
"2022இல் கொலராடோவில் ஏஐ தானாகவே படம் கீறி முதற்பரிசு வாங்கிவிட்டது, இனி கொழும்பு கிறீன் பாத்தில் தெருவோரம் படம் விற்கும் ஓவியர்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அது சரியில்லை. அந்தப் பரிசை வாங்கியவர் ஜேசன் ஆலன் என்ற மனிதர்; அவர் வென்றது டிஜிட்டல் கலைப் பிரிவில். மிட்ஜேர்னி என்ற படம் உருவாக்கும் ஏஐக்குக் குறைந்தது 624 தடவை கட்டளையை மாற்றி மாற்றிக் கொடுத்து, அப்புறம் போட்டோஷாப்பிலும் திருத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு செய்தும், ஏஐ உருவாக்கிய பகுதியை அவர் விலக்க மறுத்ததால் 2023இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தரவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மனிதரைத்தான் படைப்பாளி என்கிறது. அடி விழுவது வேறிடத்தில்: புத்தக அட்டை, விளம்பரப் படம் கீறிப் பிழைப்பவர்களுக்கு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. கிறீன் பாத்தில் வாங்குபவர்களோ கன்வஸில் தடித்துக் காய்ந்த வர்ணத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள்.