நூல்கோலில் நூலும் இல்லை, கோலும் இல்லை

நூல்கோல் என்ற பெயருக்கு ‘நூல் மாதிரி நார் இருக்கும், அதனால் அந்தப் பெயர்’ என்று விளக்கம் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது டச்சுக்காரர்களின் ‘க்னோல்கோல்’. க்னோல் என்றால் கிழங்கு, கோல் என்றால் கோஸ். நம் வாய்க்கு ‘க்னோ’ வராது, நூலாகிவிட்டது. சில ஊர்களில் இன்னும் தேய்ந்து நூக்கல்.

அந்தக் ‘கோல்’ லத்தீன் ‘காவுலிஸ்’ வழி வந்தது. பொருள், தண்டு. காலிஃபிளவரின் முன்பாதியும் போர்ச்சுக்கீசியரின் ‘கோவ்’வும் அதே வேர்தான். இலங்கைத் தமிழர்கள் முட்டைக்கோஸைக் கோவா என்கிறார்களே, அது இந்தக் கோவ்தான்.

அடுத்த தடவை நாகர்கோவில் வடசேரி சந்தையில் ஒரு நூல்கோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருண்டையின் மேலேயே இலைக்காம்புகள் முளைத்திருக்கும். இலை உதிர்ந்த இடமெல்லாம் தழும்பு. கிழங்கில் இலை இப்படி முளைக்குமா? மண்ணுக்கு மேலே உப்பிய தண்டு அது. டச்சுக்காரர்கள் கிழங்கு என்று பெயர் வைத்தாலும், அந்தப் பழைய லத்தீன் பொருள் இந்தக் காய்க்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் தாவரவியலில் ஒரே இனம் என்பது இன்னும் அழகு. ஒன்றில் இலைமொட்டைத் தின்கிறோம், ஒன்றில் பூங்கொத்தை, ஒன்றில் தண்டை. நம் வீடுகளில் மூன்றும் தேங்காய் சேர்த்துத் துவரன் ஆகிவிடும், அது வேறு விஷயம்.

டச்சு என்றால் நம் குமரி மாவட்டத்துக்கு 1741 குளச்சல் போர். அதில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். நூல்கோலை அவர்தான் கொண்டுவந்தார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். ஆனால் அவர் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு காயின் பெயர் கடல் தாண்டி வந்தது என்று சொல்ல என்ன கூச்சம்? இல்லாத வேரை ஒட்டவைத்தால் தமிழுக்குப் பெருமை கூடாது. வந்த சொல்லைத் தன் ஒலிக்கு வளைத்துக்கொண்ட மொழி இது, எனக்கு அந்தப் பெருமை போதும்.

கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள், போர்க்கதையோடு இந்த நூல்கோல் கதையையும் சொல்லுங்கள். ஒரு காயையும் கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.