பில் ஏன் நெளிகிறது?

(குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கொள்முதல் கடை. தராசுக்கு அருகில் பழைய கம்ப்யூட்டர். லீவுக்கு வந்த மருமகன் முந்தின ராத்திரி அதில் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டு அழகுபடுத்தியிருக்கிறான். ஒட்டுப்பால் வாசனையை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.)

மாமா: மக்களே, இங்கே வா. பில் ஏன் இப்படி நெளிகிறது?

மருமகன்: திரையில் பில் இருக்கிற ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும் மாமா. சும்மாவே கிடைக்கிற எஃபெக்ட்.

மாமா: சும்மா கிடைத்தால் போட்டுவிடுவதா? ஷீட் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, 'அண்ணே, தராசும் இப்படித்தான் ஆடுமா?' என்று கேட்கிறார்.

மருமகன்: சரி, பின்னால் அருவி தெரிகிறதே, அது?

மாமா: திற்பரப்பைப் பார்க்க எனக்குக் கம்ப்யூட்டர் எதற்கு, பஸ் இருக்கிறது. வெள்ளை நுரைக்கு மேல் வெள்ளை எழுத்து. 38 கிலோவை 88 என்று படித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மருமகன்: ஐயோ, அவர் ஒன்றும் சொல்லவில்லையா?

மாமா: அவர் கண்ணுக்கும் 88 என்றுதான் தெரிந்ததாம்.

மருமகன்: இது பின்னால் இருப்பது தெரிகிற கண்ணாடி ஸ்டைல் மாமா. 2007-ல் விண்டோஸ் விஸ்டாவில் வந்தது. 2025-ல் ஆப்பிளும் லிக்விட் கிளாஸ் என்று கொண்டுவந்தது.

மாமா: யாரும் திட்டவில்லையா?

மருமகன்: திட்டினார்கள். எழுத்துப் படிக்க முடியவில்லை என்று. அப்புறம் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ள ஒரு செட்டிங் கொடுத்தார்கள்.

மாமா: அந்த செட்டிங்கை முதலில் தேடு. ஸ்டார்ட் பட்டன் எங்கே?

மருமகன்: ஒளிந்திருக்கிறது. கீழே நடுவில் மவுஸைக் கொண்டுபோனால் எழும்பி வரும்.

மாமா: பத்மநாபபுரம் அரண்மனை கதைதான். இருப்பது நம்ம தக்கலை பக்கம், சாவி கேரள அரசு கையில்.

மருமகன்: மைக்ரோசாஃப்டே 2012-ல் விண்டோஸ் 8-ல் அந்தப் பட்டனைத் தூக்கிவிட்டது மாமா.

மாமா: அப்புறம்?

மருமகன்: (மெதுவாக) 2013-ல் 8.1-ல் திருப்பி வைத்தது.

மாமா: அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு வருஷம் ஆனது. உனக்கு அரைமணி நேரம் தருகிறேன். பழைய மாதிரி இடது மூலையிலேயே வை. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் மவுஸ் மூலையில் போய் முட்டி நிற்கும்.

மருமகன்: மாமா, இது ஃபிட்ஸ் விதி! 1954. தொட வேண்டியது பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். மூலையைத் தாண்டி மவுஸ் போகாது, அதனால் அங்கே குறி தப்பாது. செமஸ்டரில் எழுதினேன்.

மாமா: எவ்வளவு மார்க்?

மருமகன்: அரியர்.

மாமா: இதற்கு விதி வேறா! ரப்பர் பால் வெட்டுகிறவர் கத்தியை வீட்டில் வைத்துவிட்டா மரத்துக்குப் போகிறார்?

மருமகன்: அப்போ அழகே வேண்டாமா?

மாமா: யார் சொன்னது? அந்த அரண்மனையில் ராஜா ஆலோசனை நடத்துகிற மந்திரசாலை ஜன்னலைப் பார்த்திருக்கிறாயா? கலர் கலராக மைக்கா. பார்க்கவும் அழகு, சூடும் தூசியும் உள்ளே வராது. அது ஜன்னல். உன் ஜன்னல் எதைத் தடுக்கிறது? என் வியாபாரத்தை. சவத்தை எடு.

(மருமகன் ஒவ்வொன்றாக டிக்கை எடுக்கிறான். பில்லைச் சுருக்குகிறான். அது புகை மாதிரி வளைந்து கீழ்ப் பட்டைக்குள் இறங்குகிறது.)

மாமா: நில், நில். அது என்ன?

மருமகன்: மேஜிக் லாம்ப். இதோ, எடுத்துவிடுகிறேன்.

மாமா: கை வைக்காதே. இத்தனை நாள் மைனஸை அமுக்கிவிட்டு, பில் எங்கே போனது என்று தேடுவேன். இது போகிற இடத்தைக் காட்டிவிட்டல்லவா போகிறது!

மருமகன்: கொஞ்சம் மெதுவாகப் போகிறது. வேகத்தைக் கூட்டவா?

மாமா: கூட்டு, வெளியே லாரி நிற்கிறது. (குரலைத் தாழ்த்தி) அந்த ஜெல்லியை அடியோடு எடுத்துவிட்டாயா?

மருமகன்: ஏன்?

மாமா: ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதானே. அன்றைக்கு மட்டும் போட்டு வை. உன் அத்தைக்குக் காட்டணும்.

மருமகன்: அத்தைதான் சொன்னார்கள், காலையில் கடையைத் திறக்காமல் அரைமணி நேரம் அதையே இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தீர்களாம்.

மாமா: ஆள் வந்தாச்சு, ஷீட்டைத் தராசில் வை.