காணாக்கடிக்காகப் பாலையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள்
“ஆறு வாரத்துக்கு மேல் குழந்தைக்குக் காணாக்கடி (தோலில் அரிப்போடு தோன்றி மறையும் தடிப்பு) இருந்தால் உணவு ஒவ்வாமைதான்; பால், முட்டையை நிறுத்துங்கள்” என்று சிலர் சொல்வது தவறு. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். வாரக்கணக்கில் வந்து வந்து மறையும் தடிப்புக்கு அது அரிதாகவே காரணம். பல குழந்தைகளிடம் வெளிக்காரணம் எதுவும் அகப்படாது. ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தது என்பதற்காக மட்டும், நன்றாகச் செரிக்கும் உணவை வளரும் பிள்ளையிடமிருந்து பறிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. செட்டிரிசின் போன்ற, அரிப்பைத் தணிக்கும் மருந்தை, அரிக்கும்போது மட்டும் அல்லாமல், மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் கொடுப்பதே முதல் சிகிச்சை. ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, மறைந்த இடம் கன்றிப்போனாலோ, கூடவே காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்தாலோ மேலும் ஆராய வேண்டும். நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.