விளக்கு வெளிச்சத்தில் மனிதனின் கண் தெரியாது

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊருக்கு இரவில் ஜீப்பில் வந்து, விளக்கடித்து மான் வேட்டையாடியவர்கள் சுட்டதில் பெரியம்மாவின் சினைமாடு செத்துப்போனது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் வாங்கிக் கொடுத்து முடித்துவைத்தார்கள், நானும் பெரியம்மாவும் புகார் கொடுத்திருக்கிறோம். மாட்டுக்கு விலை கொடுத்தாகிவிட்டது, இனியும் இதை ஏன் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நேற்று ஒரே நாளில் ஏழு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் என் நெருங்கிய சொந்தக்காரர்கள். ஊர்க் குழுவில் நான் எழுதியதற்குக் கீழே, "ஒரு மானுக்காக நம் பையன்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாள்" என்று ஒருவர் எழுதியிருந்ததையும், அதற்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் விருப்பக்குறி இட்டிருந்ததையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழுவில் எழுதினால் பத்து நிமிடத்தில் வாழைக்காய் விலையும் கல்யாணப் பத்திரிகையும் வந்து அதை மூடிவிடுகின்றன என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அன்றிரவு என்ன நடந்தது என்பது மேல்மலையில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை முழுவதும் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியம்மாவின் சினைமாடு கட்டியிருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, கேரட் காட்டின் ஓரத்துக் காவல் குடிசையில் பெரியம்மா படுத்திருந்தார். மறுநாள் காலையில் நான் போனபோது குடிசையின் தகரத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் சுண்டுவிரல் நுழைந்தது. கீழே இருந்த ஓட்டைக்கும் அவர் தலைவைத்துப் படுக்கும் சாக்குக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. ஊரில் கூடிப் பேசியபோது மாட்டின் விலை பேசப்பட்டது, வயிற்றில் இருந்த கன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசப்பட்டது, அந்தத் தகரத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரவில் விளக்கடித்துச் சுடுகிறவனுக்குத் தான் எதைச் சுடுகிறோம் என்பது தெரியாது. மானுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. சர்ச் லைட்டை அடித்தால் இருட்டில் அந்தக் கண்கள் இரண்டு தீப்பொறி போல எரிவதும், வெளிச்சத்தில் கண் கூசிப்போன மான் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவதும் வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அறிந்ததுதான், அவர்கள் இரவில் போவதே அதற்காகத்தான். அவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. மனிதனின் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் மானின் கண் தெரியும், மாட்டின் கண் தெரியும், பக்கத்தில் படுத்திருக்கும் பெரியம்மாவின் கண் தெரியாது. துப்பாக்கி பிடித்தவனைப் பொறுத்தவரை அந்த இடத்தில் அவர் இல்லவே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் எழுதவில்லை. 1998ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. பட்டாணி காய்த்திருந்த சமயம். கடமான் இறங்குகிறது என்று அப்பா இரவுக் காவலுக்குப் போவார், கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும் டார்ச்சும் இருக்கும், கூடவே எங்கள் நாய் மணி போகும். அன்று பனி இறங்கிய இரவு. நாய் குரைக்கத் தொடங்கியதும் அப்பா அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருக்கிறார். எதிர் மேட்டிலிருந்து ஒரு வெளிச்சம் வந்து நாயின் முகத்தில் விழுந்தது, அடுத்த நொடியே வெடிச்சத்தமும் வந்தது என்று அப்பா சொல்வார். நாய் அங்கேயே விழுந்துவிட்டது. அப்பாவின் வலது தொடையில் நான்கு பால்ரஸ் குண்டுகள் ஏறியிருந்தன. நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியை வைத்து இடித்து, அதன்மேல் சைக்கிளுக்குப் போடும் பால்ரஸ் குண்டுகளைக் கைப்பிடி அளவு நிரப்புகிறார்கள். அது ஒரே குண்டாகப் போவதில்லை, சிதறிப் போகிறது. குறி பார்த்தது ஒன்றாகவும் பட்டது வேறொன்றாகவும் இருப்பதற்கு அதுவே போதும்.

சுட்டவர் யார் என்று அப்பாவுக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஓடிவந்து தூக்கியவரே அவர்தான், எங்களுக்கு உறவுமுறை. ஜீப்பில் கொடைக்கானல் வரை வழியெல்லாம் அவர் அழுதுகொண்டே வந்தார் என்று அம்மா சொன்னார். மருத்துவமனையில் வேலிக் கம்பி குத்திவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று குண்டுகளை எடுத்தார்கள், ஒன்று இன்றும் உள்ளே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அப்பா அந்தக் காலை நீட்டி மடக்க முடியாமல் அடுப்போரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். எனவே, "உனக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் பலர் பலவிதமாக எழுதியிருந்தார்கள். மான் சாகவே இல்லை, பிறகு எப்படி வேட்டை வழக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றில் எதற்கு முயன்றாலும் அது வேட்டைதான். துணை போனவருக்கும் அதே தண்டனை. சாதாரணமாக மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் நடந்திருந்தால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரையும் போகலாம். நம்மைச் சுற்றியிருக்கும் காட்டில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டு விலங்கின் இறைச்சி ஒருவர் கையில் இருந்தால், அது முறைகேடாக வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. ஓட்டிச் சென்ற வண்டியும் பறிமுதலாகலாம். இந்தக் குற்றத்தில் சமரசம் செய்ய அதிகாரம் இருப்பது, சட்டம் அனுமதிக்கும் வழக்குகளில் மட்டும், அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலருக்குத்தான். மந்தையில் பாய் விரித்து உட்கார்ந்து நான்கு பெரியவர்கள் முடித்துவைக்கக்கூடிய விஷயம் இது அல்ல. அந்தப் பெரியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரன் வேட்டை ஆடினான், ஜமீன்தார் ஆடினார், நம் தாத்தாக்கள் ஆடினார்கள், நாம் ஆடினால் மட்டும் குற்றமா என்று கேட்கிறார்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்பவர்கள் அந்தக் காலத்து வேட்டைக்குக் கட்டுப்பாடே இல்லை என்று நம்புகிறார்கள். பக்கத்து நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கவென்றே வேட்டையாடுகிறவர்கள் 1877இல் ஒரு சங்கம் வைத்தார்கள், 1879இல் அதற்காகவே சென்னை மாகாண அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. விலங்கு தீர்ந்துவிடும் என்று துப்பாக்கி பிடித்தவர்களே பயந்து செய்த வேலை அது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் வேட்டை முழுவதும் தடை செய்யப்படவில்லை. உரிமம் வாங்கிச் சில விலங்குகளை வேட்டையாட அன்று வழி இருந்தது, 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகுதான் அந்த உரிம முறை எடுக்கப்பட்டது. ஆனால் உரிமம் இருந்த அந்தக் காலத்திலேயே சட்டத்தின் 17ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? வண்டியில் இருந்துகொண்டு வேட்டையாடக் கூடாது. விளக்கைப் பயன்படுத்தக் கூடாது. சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை வேட்டையாடக் கூடாது. அடித்துப் போட்ட இரைக்குத் திரும்பி வரும் ஊனுண்ணி விலங்குக்குத் தனி அனுமதி பெற்றிருந்தால் மட்டும் விளக்கிலும் இரவிலும் விலக்கு உண்டு, மானுக்கு அந்த விலக்கு இல்லை. உப்பு நக்க வரும் இடத்திலும் தண்ணீர் குடிக்க வரும் இடத்திலும் பதுங்கியிருந்து சுடக் கூடாது என்றும் இருந்தது. ஆக, வேட்டையை அனுமதித்த சட்டம்கூட, ஜீப்பில் உட்கார்ந்து விளக்கடித்து இரவில் மானைச் சுடுவதை அனுமதிக்கவில்லை. தாத்தாக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் தாத்தாக்களையும் சேர்த்து அவமதிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பயிர்ச் சேதத்தைப் பற்றிச் சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், ஏனென்றால் நானும் விவசாயிதான். சென்ற ஆண்டு முக்கால் ஏக்கர் முட்டைக்கோஸில் பாதியைக் கடமானும் காட்டுமாடும் தின்றுவிட்டுப் போன காலையில் வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இழப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்து, படம் எடுத்துக் கொடுத்து, மாதக்கணக்கில் அலைந்து கடைசியில் வந்த தொகை விதைக்கும் போதவில்லை. இந்த வேதனையைப் பேச வேண்டும், கொடைக்கானலில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், நான் முன்னால் நிற்கிறேன். உயிருக்கு ஆபத்து என்றாலோ, சில விலங்குகளின் விஷயத்தில் பயிருக்கு ஆபத்து என்றாலோ, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் விவசாயிகள் பல ஆண்டுகள் கேட்டுக்கேட்டுத்தான், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையினர் சுடலாம் என்ற முடிவை 2025 ஜனவரியில் அரசு எடுத்தது. கேட்டால் ஏதோ ஒன்று நகர்கிறது. ஆனால் அன்றிரவு வந்த மூன்று பேருக்கும் மேல்மலையில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. எந்தப் பயிரைக் காக்க அவர்கள் வந்தார்கள்? கறி எங்கே போகவிருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும், விடுதிகளில் தங்க வருகிறவர்களுக்குக் "காட்டுக்கறி" என்று ரகசியமாகச் சொல்லி விற்கிறார்கள். விவசாயியின் கண்ணீரை அதற்கு முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

பளியர்களும்தானே வேட்டையாடுகிறார்கள் என்று இந்த மலைப் பழங்குடிகளை இழுத்துப் பேசியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைக்கும் மக்களையும், ஜீப்பும் சர்ச் லைட்டும் கொண்டு வருகிறவர்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை. காட்டுவழி தெரியும் என்று ஒரு பளியர் பையனுக்கு இருநூறு ரூபாய் கொடுத்துக் கூட்டிப்போவதும், மாட்டிக்கொண்டால் அவனை மட்டும் விட்டுவிட்டு ஓடுவதும் இந்த மலையில் புதிதல்ல. இந்த முறையும் கடைசியில் ஊரில் மிஞ்சியவன் அந்தப் பையன்தான். அவன் அம்மா பெரியம்மாவின் காலில் வந்து விழுந்தார். வண்டி ஓட்டி வந்தவரின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, பணம் மட்டும் வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். குறி தவறி அடிபட்ட விலங்கு அங்கேயே விழுந்து சாவதில்லை. நாட்டுத் துப்பாக்கியில் இரண்டாவது முறை மருந்து இடித்து முடிப்பதற்குள் அது சோலைக்குள் போய்விடும். மானாக இருந்தால் புண் அழுகி நாள்கணக்கில் கிடந்து சாகும். காட்டுமாடாக இருந்தால் வலியோடும் மூர்க்கத்தோடும் பாதையோரப் புதரில் நிற்கும், அதன் எதிரில் போவது சுட்டவன் இல்லை, காலை ஏழு மணிக்குக் கூலிவேலைக்குப் போகும் பெண்கள்தான் போகிறார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து கம்பிக் கண்ணி வைக்கிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். கண்ணிக்கு மான் எது, சிறுத்தை எது, மேய்ச்சலுக்கு விட்ட கன்றுக்குட்டி எது என்று தெரியாது. எப்படிச் சுற்றி வந்தாலும் நான் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறேன், எதைக் கொல்கிறோம் என்று தெரியாமல் கொல்லும் வேலை இது.

"நம் பையன்கள்" என்ற சொல்தான் என்னை மிகவும் வருத்துகிறது. பெரியம்மா யார்? அறுபத்து நான்கு வயதில் தனியாளாக ஒன்றரை ஏக்கரைக் காக்க இரவில் தகரக் குடிசையில் படுத்துக் கிடப்பவர் நம் ஆள் இல்லையா? நான் புகார் கொடுத்ததைக் காட்டிக்கொடுத்தது என்று எழுதியவரிடம் கேட்கிறேன், 1998இல் எங்கள் வீடு காட்டிக்கொடுக்கவில்லை, வேலிக் கம்பி என்று எழுதிக்கொடுத்து உறவைக் காப்பாற்றியது. அதனால் என்ன ஆனது? அதே எதிர் மேட்டில் இன்னும் வெளிச்சம் வருகிறது. அப்பாவைச் சுட்டவர் அடுத்த ஆண்டே மறுபடியும் துப்பாக்கியை எடுத்தார் என்பதை அப்பா என்னிடம் போன வாரம்தான் சொன்னார், இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

பெரியம்மா அந்தப் பணத்தை இன்னும் தொடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கிறார், திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் சொல்கிறார். நான் வற்புறுத்தவில்லை, அவருக்கு அந்த மாட்டைத் தவிர வருமானம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். புகாரை மட்டும் திரும்பப் பெறப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். வாக்குமூலத்துக்குப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இரவு நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து யார் யார் போகிறீர்கள் என்று கேட்டார். நானும் பெரியம்மாவும் என்றேன். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், காலைப் பேருந்தில் தனக்கும் ஓர் இடம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.