சார்ட்டில் பூமி உருண்டை வரைந்தால் கரண்ட் மிச்சமாகுமா?

டிசம்பர் வந்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். 14ஆம் தேதி தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். அதையொட்டி ஒரு வாரம் மின்சார சிக்கன வாரம். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மெசேஜ் வரும்: "நாளை ஓவியப் போட்டி. சார்ட், ஸ்கெட்ச் பேனா கொண்டுவரவும்." தெருவில் இருக்கிற ஸ்டேஷனரி கடை எல்லாம் ஷட்டர் இறக்கிய பிறகு! எந்த அம்மா எந்தக் கடையைப் போய்த் தட்டுவாள் என்று ஒருத்தருக்காவது யோசனை இருக்கிறதா?

சரி, அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தாச்சு. பிள்ளை என்ன வரைகிறாள்? ஒரு பூமி உருண்டை. அதிலிருந்து தொங்குகிற ஒரு பிளக். பக்கத்தில் அழுகிற குண்டு பல்பு, சிரிக்கிற எல்இடி பல்பு. கீழே பட்டையாக "மின்சாரம் சேமிப்போம், எதிர்காலம் காப்போம்". வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இதே படம். போன வருஷமும் இதே படம். பரிசு வாங்குகிற படத்தில் பாதிக்குமேல் பெற்றோர் கைவேலை, அது எல்லா மிஸ்ஸுக்கும் தெரியும். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டதோடு சிக்கன வாரம் முடிந்தது. மறுநாள் அதே பிள்ளை ஹாலில் ஃபேனை ஓடவிட்டு ரூமுக்குள் போய் அங்கே இன்னொரு ஃபேனைப் போடுகிறாள்.

பிள்ளையை நான் குறை சொல்லவே மாட்டேன். அவளுக்கு யார் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். மின்னோட்டவியல் என்று முழுப் பாடம் இருக்கிறது. ஒரு கிலோவாட் மணி என்றால் எத்தனை ஜூல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 3.6 × 10 அடுக்கு 6 என்பான். அந்தக் கிலோவாட் மணியைத்தான் நாம் வீட்டில் ஒரு யூனிட் என்கிறோம், அதற்குத்தான் அவன் அப்பா பணம் கட்டுகிறார் என்பது அவனுக்குத் தெரியவில்லை. வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பெட்டியை அவன் பிறந்ததிலிருந்து தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இரண்டு மார்க் கேள்விக்கு விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டு ரீடிங் பார்க்கத் தெரியவில்லை என்றால் அந்தப் பாடத்தை நடத்தியதற்கு என்ன அர்த்தம்?

சொல்லிக்கொடுக்கிற கொஞ்சநஞ்சமும் தலைகீழ். என் மகள் நோட்டில் மிஸ் எழுதிப்போட்ட பத்துக் குறிப்பில் முதல் குறிப்பு, "செல்போன் சார்ஜரைக் கழற்றி வைக்கவும்". கழற்றட்டும், நல்லதுதான். ஆனால் போன் மாட்டாத இந்தக் காலத்துச் சார்ஜர் அரை வாட்கூட இழுக்காது. இரண்டு மாதம் பிளக்கிலேயே கிடந்தாலும் ஒரு யூனிட் தேறாது. 2000 வாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினாலே ஒரு யூனிட் காலி. அந்தப் பத்துக் குறிப்பில் கீசர் என்ற பேச்சே இல்லை. தண்ணி மோட்டார் இல்லை. அயர்ன் பாக்ஸ் இல்லை. டிவியை ரிமோட்டில் அணைத்த பிறகும் ராத்திரி பகல் பாராமல் ஓடிக்கொண்டிருக்கிற செட்டாப் பாக்ஸ் இல்லை. அது பத்து வாட்தான் இழுக்கிறது என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டுகிறது. சுவரில் இருக்கிற சுவிட்சை அணை என்ற ஒரே ஒரு வரி போதாதா?

"ஃபேன் வேகத்தைக் குறைத்து வைக்கவும்" என்பது இன்னொரு குறிப்பு. பெரிய டப்பா மாதிரி இருக்குமே, அந்தப் பழைய ரெகுலேட்டர் இருக்கிற வீட்டில் வேகத்தைக் குறைத்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஃபேனுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு அந்த டப்பாவிலேயே சூடாகப் போய்விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக இருந்தால்தான் குறைத்ததற்குப் பலன். இதை ஆறாவது படிக்கிற பிள்ளைக்குச் சொன்னால் புரியாதா? டப்பாவைத் தொட்டுப் பார்த்தால் கையே சொல்லிவிடும்.

கொந்தளித்துப்போய் இந்த வருஷம் நானே மகளை மீட்டர் முன்னால் நிறுத்தினேன். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு 9 வாட் பல்பைப் போட்டோம். காத்திருக்கிறோம், காத்திருக்கிறோம், லைட் அசையவே இல்லை. இரண்டு நிமிஷம் தாண்டித்தான் ஒரு மினுக்கு. பிறகு பழைய 75 வாட் ஃபேன். பதினைந்து நொடிக்கு ஒரு தடவை. பிறகு கீசர். நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு தடவை, படபடவென்று. "அம்மா, ஆஃப் பண்ணும்மா, ஆஃப் பண்ணும்மா" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு ஆச்சி இறங்கி வந்துவிட்டார்.

இதற்கு என்ன செலவு? சார்ட் வேண்டுமா, தெர்மாகோல் வேண்டுமா? எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு பள்ளிக்கூடத்திலாவது இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்களா?

சரி, பிள்ளை கற்றுக்கொண்டாள். அடுத்த தடை நம் வீட்டுப் பெரியவர்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட எழுந்து போனதும் ஹால் ஃபேன், லைட், டிவி மூன்றையும் இவள் அணைத்தாள். திரும்பி வந்தவர் கேட்டார்: "ஏன் பாப்பா, கரண்ட் பில்லு நீயா கட்டுற?" எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை முகம் சுருங்கிப்போய் உள்ளே போய்விட்டாள். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் இந்த ஒரு கேள்வி பிள்ளைகள் வாயை அடைத்திருக்கும்! பில்லு கட்டுகிறவர்தான் சுவிட்சைத் தொடணும் என்றால், அவள் சம்பாதிக்கிற வயதுக்கு வரும்வரை வீணாக்கப் பழகட்டும் என்கிறீர்களா? நான் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, அவ செஞ்சது சரிதான், ஃபேன் வேணும்னா இப்ப போட்டுக்கங்க"ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அவர் முகம் கோணினால் கோணட்டும்.

இன்னொரு வசனம், "நூறு யூனிட்டுதான் ஃப்ரீயாச்சே". 2016லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம், உண்மைதான். அதற்கு மேல் போகிற கணக்கைப் பாருங்கள். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101லிருந்து 200 வரைக்கும் குறைந்த விலை. 500ஐத் தாண்டினீர்களோ, அந்தச் சலுகையே போய்விடும், பழைய யூனிட்டுக்கும் சேர்த்து வேறு அட்டவணையில் கணக்குப் போடுவார்கள். யாரும் இல்லாத ரூமில் அந்த 75 வாட் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். 480ல் நிற்க வேண்டிய வீட்டை 525க்குத் தள்ள அந்த ஒரு ஃபேன் போதும். ரீடிங் எடுக்க வருகிறவரை "மீட்டர் ஓடுதுங்க, மாத்திக்குடுங்க" என்று திட்டுகிறோம். மீட்டர் சும்மாவா ஓடும்?

இந்தப் பிள்ளைகளுக்கு 2012 தெரியாது. மதுரைப் பக்கம் பாதி நாள் கரண்ட் இருக்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பனையோலை விசிறியோடு மொட்டைமாடியில் படுத்த பெண்களில் நானும் ஒருத்தி. மாவு மில், லேத், தறி என்று எத்தனை பிழைப்பு படுத்தது. அப்போது கரண்டின் அருமை தெரிந்த நாமே இன்றைக்கு "பில்லு நீயா கட்டுற" என்று கேட்கிறோம். நெய்வேலியில் ஊரையே காலி செய்யவைத்து மண்ணைத் தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதில் வந்த கரண்ட் நம் வீட்டில் ஆளில்லாத அறைக்குக் காற்று வீசுகிறது. கோபம் வராமல் எப்படி இருக்கும்?

பள்ளியும் ஒன்றும் லேசில்லை. சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போனால், பெல் அடித்துக் காலியான வகுப்புகளில் வரிசையாக ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியாகப் போகிற பிள்ளை அணைக்கணும் என்று வகுப்புக்கு ஒரு ஆளைப் போட முடியாதா? பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "போர்ஷன் முடிக்கவே நேரம் இல்ல மேடம்" என்றார்கள். ஓவியப் போட்டிக்கு அரை நாள் நேரம் இருந்ததே!

இந்த டிசம்பரில் நான் சார்ட் வாங்கித் தரப்போவதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து அனுப்பப்போகிறேன், நவம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு என் மகள் பார்த்து எழுதின ரீடிங்கோடு. எந்த நாள் ஏன் ஏறியது என்று பக்கத்திலேயே அவள் கையெழுத்தில் இருக்கும். போட்டியில் சேர்க்க மாட்டோம் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன். உங்கள் பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுங்கள். பத்து அம்மாக்கள் சேர்ந்து கொண்டுபோனால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆகணும்.